பைலட் இமைக்கிறான்

செயற்கைக் கண் செய்வது என் தொழில். மதுரையில் பத்தொன்பது வருடமாக இதே வேலை. விபத்தில், புற்றுநோயில், சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கண் போயிருக்கும். மிச்சமிருக்கும் கண்ணைப் பார்த்துப் பார்த்து, அதற்கு ஜோடியாக அக்ரிலிக்கில் ஒன்று செய்து பொருத்துவேன். அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர், பூக்காரம்மா, கல்யாண ஆல்பத்தில் இருக்கும் மாப்பிள்ளை, யாராக இருந்தாலும் சரி. மேல் இமை எங்கே நிற்கிறது, கருவிழியை எவ்வளவு மறைக்கிறது, இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறதா என்று மனசு அளந்துகொண்டே இருக்கும்.

அஞ்சாறு வருடம் முன்னால் ஒரு பொங்கல் விடுமுறை. கோயம்புத்தூரில் மெக்கட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு கருவிழிக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பெரியம்மா, ஒரு நிமிஷம் இதப் பாருங்க. இந்தக் கண்ணு எப்டி இருக்குன்னு சொல்லுங்க."

திரையில் ஒரு பெரிய உருவம். நண்டு ஓடு கவிழ்த்த மாதிரி அகன்ற தலை, நாலு கை, இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் ஒரு மேடைக்குள் புதைந்திருந்தது. எதிரே ஒரு பெண் நின்று பேசிக்கொண்டிருந்தாள். தூரிகையை வைத்துவிட்டுப் பார்த்தேன்.

"பொம்மைதாண்டா. ஆனா அந்தப் பொண்ணத்தான் பாக்குது" என்றேன்.

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இதைத்தான் அவனும் சொல்ல நினைத்திருக்கிறான், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று ராத்திரி மூன்று அத்தியாயம் பார்த்தோம். அவன் ஊருக்குப் போன பிறகு மீதியை நானே பார்த்தேன். மொத்தம் 88.

அந்தத் தொடரின் பெயர் ஃபார்ஸ்கேப். 1999 மார்ச்சில் அமெரிக்காவில் சை ஃபை சேனலில் தொடங்கியது. எடுத்தது எல்லாம் ஆஸ்திரேலியாவில், சிட்னியில். கதையை உருவாக்கியவர் ராக்னே ஓ'பானன். தயாரித்தது ஜிம் ஹென்சன் கம்பெனி. குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சிகளால் உலகம் முழுக்கத் தெரிந்த அதே ஹென்சன். அவர் 1990இல் இறந்துவிட்டார். மகன் பிரையன் ஹென்சன்தான் இந்தத் தொடருக்குப் பின்னால் நின்றார். அவர்களுடைய க்ரீச்சர் ஷாப், அதாவது விசித்திர ஜீவன்கள் செய்யும் பட்டறை, 1979இல் லண்டனில் ஆரம்பித்தது. இந்தத் தொடருக்காக சிட்னியிலும் ஒரு பட்டறை போட்டார்கள்.

கதை இதுதான். பூமியிலிருந்து தவறிப்போன ஒரு விண்வெளி வீரன், தப்பி ஓடும் கைதிகளோடு ஒரு கப்பலில் மாட்டிக்கொள்கிறான். அந்தக் கப்பலுக்கே உயிர் உண்டு, பெயர் மோயா. அதை ஓட்டுகிறவன்தான் நான் முதலில் பார்த்த நாலு கை உருவம். அவனுக்குத் தனிப் பெயர் கிடையாது, பைலட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கப்பலின் நரம்போடு அவன் நரம்பு பின்னியிருக்கிறது, இடத்தைவிட்டு எழுந்திருக்கவே முடியாது. பொம்மையை உட்கார வைத்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பாத்திரத்தின் விதியாகவே ஆகிவிட்டது. இப்படி யோசித்தவர்களை நான் மனதாரக் கும்பிடுவேன்.

இன்னொரு பொம்மை ரைஜல். இரண்டு அடி உயரம்தான், ஆனால் ராஜா. அறுபதாயிரம் கோடி பிரஜைகளை ஆண்டவன், சித்தப்பன் பெரியப்பன் வகையில் ஒருவன் துரோகம் செய்து சிம்மாசனத்தைப் பிடுங்கிக்கொண்டான். மிதக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருப்பான்.

இந்த இரண்டையும் எப்படி இயக்கினார்கள் என்பதைத் தங்கை மகன் எனக்கு விளக்கினான். அவன் சொன்னதில் பாதி என் தொழிலில் இருப்பதுதான். முதலில் களிமண்ணில் உருவம். அதற்கு அச்சு. அச்சுக்குள் ரப்பர் நுரை. ரப்பர் பாலை முட்டை வெள்ளையை அடிக்கிற மாதிரி நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைப்பார்கள். வெந்து வெளியே வரும் தோல் லேசாக இருக்கும், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஆனால் நாளாக ஆகக் கிழியும், இற்றுப்போகும், திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் மண்டை ஓடு, அதற்குள் சின்னச் சின்ன சர்வோ மோட்டார்கள். புருவத்துக்கு ஒன்று, உதட்டுக்குச் சில, கண் இடது வலம் போக ஒன்று, மேலே கீழே போக ஒன்று, இமைக்குத் தனியாக.

பல்லும் கண்ணும் அக்ரிலிக். பல் டாக்டர்கள் பல் செட்டுக்குப் பயன்படுத்தும் அதே பொருள். நான் செய்யும் கண்களும் அதில்தான். நானே பல் லேபில் வேலை கற்றுக்கொண்டு, அங்கிருந்துதான் கண்ணுக்கு வந்தேன். இந்த வழியில் வந்தவள் நான் மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் செயற்கைக் கண் என்றால் கண்ணாடிக் கண்தான், ஜெர்மனியில் லவுஷா என்ற ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தது. போரில் அது நின்றுபோனது. அமெரிக்க ராணுவத்தில் இருந்த பல் தொழில்நுட்ப ஆட்கள் கையிலிருந்த பல் செட் அக்ரிலிக்கை வைத்துக் கண் செய்து பார்த்தார்கள். 1940களில் தொடங்கிய அந்த முறையைத்தான் நாங்கள் இன்றைக்கும் செய்கிறோம்.

பொம்மைக்கு வெளியே ஆட்கள். ரைஜலுக்கு ஒருவர் உள்ளே கையை விட்டுத் தலையையும் வாயையும் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் குச்சியில் கைகளை அசைப்பார், தள்ளி நிற்கும் ஒருவர் ரேடியோ கட்டுப்பாட்டில் கண்ணையும் இமையையும் புருவத்தையும் பார்த்துக்கொள்வார். பைலட்டுக்கு இன்னும் அதிகம் பேர் வேண்டும். கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி உண்டு, அதற்கு வால்டோ என்று பெயர். ராபர்ட் ஹைன்லைன் 1942இல் எழுதிய ஒரு அறிவியல் புனைகதையிலிருந்து வந்த பெயர் அது. நாம் விரலை மடக்கினால் அங்கே வாய் மூடும். ஹென்சன் ஆட்கள் இதற்குமேல் ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்தார்கள். 'சிரி' என்று ஒரு அசைவு கொடுத்தால் உதடு, கன்னம், கீழ் இமை எல்லாவற்றுக்கும் உரிய பங்கை அதுவே பிரித்துக் கொடுக்கும். அந்த அமைப்புக்கு ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இமை என்று சொன்னேனே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள், செயற்கைக் கண்ணில் கஷ்டமான வேலை கருவிழி என்று. பதினொன்றரை, பன்னிரண்டு மில்லிமீட்டர் வட்டம். அதில் பழுப்புக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் சாம்பல் என்று கோடு கோடாகப் போக வேண்டும். வெள்ளை விழியில் ரத்தக் குழாய் வேண்டும். விளக்குத்தூண் பக்கம் சிவப்புப் பட்டு நூல் வாங்கி, ஊசியால் இழை இழையாகப் பிரித்து ஒட்டுவேன். இதெல்லாம் பொறுமை இருந்தால் கைக்கு வந்துவிடும். எனக்கு வருடக்கணக்கில் வராதது இமைதான். கண்ணின் மேல் விளிம்பு கால் மில்லிமீட்டர் தடித்துவிட்டால் இமை மேலே தூக்கி நின்றுவிடும். ஆள் எந்நேரமும் திடுக்கிட்ட மாதிரி இருப்பார். மெலிந்துவிட்டால் இமை விழுந்து தூங்குமூஞ்சி ஆகிவிடும். சரியாக இருந்தும், இமைக்கும்போது அந்தப் பக்கம் முழுதாக மூடாமல் ஒரு கோடு வெள்ளை தெரிந்தால் போதும். எதிரே பேசுகிறவர் என்ன என்று புரியாமலேயே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அதை அனுபவித்தவர்கள் என்னிடம் வந்து சொல்லி அழுதிருக்கிறார்கள்.

மனிதன் நிமிஷத்துக்குப் பதினைந்து, இருபது தடவை இமைக்கிறான். பேசும்போது கூடும், உற்றுப் படிக்கும்போது குறையும். நளன் கதையில் தமயந்தி என்ன செய்தாள்? சுயம்வர மண்டபத்தில் நளன் உருவத்திலேயே தேவர்களும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எவன் கண் இமைக்கிறதோ அவனே மனிதன், அவனே நளன் என்று கண்டுபிடித்து மாலை போட்டாள். சின்ன வயதில் பாட்டி சொன்ன கதை. தொழிலுக்கு வந்த பிறகுதான் தமயந்தி எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாள் என்று புரிந்தது.

பொம்மைக்கும் அதுதான் சோதனை. கண் உருண்டை உருளுவது சுலபம், அதன்மேல் இமை வழுக்கிக்கொண்டு இறங்குவது சுலபம் இல்லை. இமைக்கும் உருண்டைக்கும் நடுவே இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உரசும். இடைவெளி அதிகமானால் கடை ஷட்டர் மாதிரி தெரியும். மேலே போர்த்தியிருக்கும் ரப்பர் தோல் மடியவும் வேண்டும், மடிந்த இடம் பிதுங்கவும் கூடாது. இத்தனையும் சரியாக அமைந்தாலும், எப்போது இமைப்பது என்று முடிவு செய்ய ஒரு மனிதர் வேண்டும். பைலட்டைக் கவனித்துப் பாருங்கள். எதிராளி பேச்சை முடிக்கும் இடத்தில் இமைப்பான். கெட்ட செய்தி காதில் விழுந்த உடனே இமைக்க மாட்டான். கொஞ்சம் நிற்பான். பிறகு மெதுவாக, ஒரே ஒரு தடவை. ரேடியோ கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பொம்மையை நேரில்கூடப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, இந்த இடத்தில் இமைக்க வேண்டும் என்று விரலை அசைத்த அந்த ஆள் பெரிய நடிகர். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

என் வேலையில் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம். ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கண் செய்தேன். கருவிழி வண்ணம் அச்சு அசலாக வந்தது, இமையும் பரவாயில்லை. அவர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். "அம்மா, கண்ணாடியில பாத்தா நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்ககிட்ட பேசுறப்ப மட்டும், சார் எங்கயோ பாக்குறார்னு நினைக்குதுங்க." எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. கடைசியில் அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்தபடி கவனித்தேன். அளவெடுக்கும்போது அவரைத் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். கருவிழியின் நடுப்புள்ளியை அதற்கு ஏற்ப வைத்துவிட்டேன். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும்போது நம் இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் லேசாகத் திரும்பும். அவருடைய நல்ல கண் திரும்பியது, நான் செய்தது தூரத்திலேயே நின்றது. கண்ணைத் திரும்பச் செய்தேன். இம்முறை பேசும் தூரத்தில் நானே உட்கார்ந்து, என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, நடுப்புள்ளியை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ளே தள்ளி வைத்தேன். அன்றிலிருந்து இப்படித்தான்.

ஹென்சனிடம் 1960களிலிருந்து வேலை பார்த்தவர் டான் சாலின் என்ற பொம்மைக் கலைஞர். கண் இரண்டும் மூக்கும் சேர்ந்து ஒரு முக்கோணம், அதற்குள் கண்பாவைகளைக் கொஞ்சம் உள்பக்கமாக வைத்தால் பொம்மை எதையோ உற்றுப் பார்ப்பதுபோல் ஆகிவிடும் என்று கண்டுபிடித்தார். மந்திர முக்கோணம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர் 1978இலேயே இறந்துவிட்டார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாத்தியார் சொல்லி நான் கற்றுக்கொண்டதைத் துணியும் பஞ்சும் வைத்து ஒரு மனிதர் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். நம் மொழியில் பொம்மையும் பாவைதான், கண்ணின் நடுவில் இருக்கும் கரும்புள்ளியும் பாவைதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

முதல் சீசனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. நம்டார் என்ற விஞ்ஞானியிடம் எல்லோருக்கும் ஊர் திரும்ப வழி சொல்லும் வரைபடம் இருக்கும். விலையாக அவன் கேட்பது பைலட்டின் ஒரு கை. கூடப் பயணம் செய்கிற மூன்று பேர் போய், நண்பனென்று இருந்தவனின் கையை வெட்டி எடுக்கிறார்கள். நான் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெட்டுவது ரப்பர், உள்ளே கம்பி, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வயிற்றைப் பிசைந்தது. பிறகு பைலட் பேசும்போது கோபப்படுவதில்லை. கப்பலுக்கு முதலில், அதற்கு அடுத்து அதில் பயணம் செய்பவர்களுக்குச் சேவை செய்வதே தன் பிழைப்பு என்கிறான். கை திரும்ப வளர்ந்துவிடும் என்பதால் அவர்கள் செய்தது சின்ன விஷயம் ஆகிவிடாது. அது பார்க்கிற நமக்குத் தெரிகிறது, அவன் முகத்திலும் தெரிகிறது. ரப்பர் முகத்தில்.

இரண்டாம் சீசனில் அவன் பழைய கதை வெளியே வரும். நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் மோயாவோடு இணைய அவன் ஒத்துக்கொண்டான். அந்த இடத்தில் அதற்கு முன்னால் இருந்த பைலட்டை, இப்போது மோயாவைத் துரத்தும் படையினர் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். அந்தப் படையில் இப்போது கப்பலில் இருக்கும் ஏரினும் ஒருத்தி. ஏரினாக நடித்தவர் கிளாடியா பிளாக். அவர் பைலட்டிடம் பேசும் காட்சிகளில் ஒரு இடத்தில்கூட ரப்பரைப் பார்க்கிற பார்வை கிடையாது. பொம்மைக்கு உயிர் கொடுப்பதில் பாதி, எதிரே நிற்கிறவரின் கண்ணில் இருக்கிறது. என் நோயாளிகளின் வீட்டாருக்கும் இதைத்தான் சொல்வேன். செயற்கைக் கண்ணைத் தவிர்த்துவிட்டு நல்ல கண்ணை மட்டும் பார்த்துப் பேசாதீர்கள், இரண்டு கண்ணையும் பார்த்துப் பேசுங்கள் என்று.

ரைஜலைப் பற்றியும் ஒன்று. எரிச்சலூட்டும் பேராசைக்காரன். ஆனால் ஒரு பாழடைந்த போர்க்கப்பலுக்குள் போகும்போது, தான் முன்பு சித்திரவதைப்பட்ட இடம் அது என்று அவனுக்குத் தெரிகிறது. அவனை வதைத்த கேப்டன் டூர்கா. அங்கே இந்த இரண்டடிப் பொம்மை வேறு ஆளாகிவிடும். அத்தனை தீனியும் அத்தனை வீராப்பும் எதை மூடி மறைக்க என்று அங்கே தெரிந்துவிடும். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஜோனதன் ஹார்டி, நியூசிலாந்தில் பிறந்த நடிகர். படப்பிடிப்பில் பொம்மையை ஆட்டுகிறவர்களே வசனத்தைச் சொல்லி நடிப்பார்கள், ஹார்டி பிற்பாடு குரல் பதிவில் அந்த வாயசைவுக்குப் பேசினார். பைலட்டின் குரல் லானி டுபு. அவரே நேரில் தோன்றி, மோயாவைத் துரத்தும் கேப்டன் கிரைஸாகவும் நடித்தார். துரத்துகிறவனுக்கும் துரத்தப்படுகிற கப்பலை ஓட்டுகிறவனுக்கும் ஒரே தொண்டை. தங்கை மகன் சொல்லும்வரை என் காதுக்கு இது எட்டவே இல்லை.

2002இல் தொடரை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள், ரசிகர்கள் போராடினார்கள், 2004இல் இரண்டு பாகக் குறுந்தொடராக முடித்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே கம்ப்யூட்டரில் வரைவதுதான் என்று ஆகிவிட்டதாக நினைத்தேன். 2019 நவம்பரில், ஸ்டார் வார்ஸ் கதை உலகைச் சேர்ந்த மாண்டலோரியன் தொடரில் அந்தப் பச்சை நிறக் குழந்தை வந்தது. லெகஸி எஃபெக்ட்ஸ் என்ற பட்டறை செய்த பொம்மை. கண்ணுக்கு ஒருவர், காதுக்கு ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொண்டு ஆட்டினார்கள். ஒரு காட்சியில் முன்னெச்சரிக்கையாக, பொம்மை இல்லாமல் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ளலாம் என்றபோது, கூட நடித்த ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்ட்சாக் அவர்களைக் கோழைகள் என்று திட்டினாராம். எழுபது வயது தாண்டிய மனிதர். அந்தப் பொம்மைக்கு எதிரே நின்று அதன் கண்ணைப் பார்த்தவர் என்பதால்தான் அவருக்கு அந்தக் கோபம் வந்திருக்கும். கம்ப்யூட்டர் வரைகலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை, அதிலும் மாசக்கணக்கில் கண் விழித்து உழைக்கிறார்கள். ஆனால் நடிக்கிறவருக்கு எதிரே நிஜமாக ஒரு கண் இருப்பதும், பிறகு வரையப்போகும் உருவத்துக்கு அடையாளமாக ஒரு டென்னிஸ் பந்து தொங்குவதும் ஒன்று இல்லை.

என்னிடம் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வருகிறாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்ணில் புற்றுநோய் வந்து, இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். முகம் வளர வளரக் கண்ணும் பெரிதாக வேண்டும். சின்னக் குழந்தையின் வெள்ளை விழியில் லேசான நீலம் ஓடும், வளர்ந்தால் அது குறையும், அதையும் மாற்ற வேண்டும். போன மாதம் நாலாவது கண்ணுக்காக அம்மாவோடு வந்தாள். அச்சு எடுக்கும் பசை இறுகும் வரைக்கும் ஆடாமல் இருக்க வேண்டும். அதனால் எப்போதும் செல்போனில் ஏதாவது போட்டுக் காட்டுவேன். இந்தத் தடவை பைலட்டைக் காட்டினேன். நம்டார் வரும் அத்தியாயத்தின் ஆரம்பத்தைத்தான் காட்ட நினைத்தேன். வேலையில் கவனமாக இருந்ததால் கையை வெட்டும் இடம் வரை ஓடிவிட்டது. சட்டென்று நிறுத்தினேன்.

பசையை எடுத்த பிறகு கேட்டாள்.

"அவனுக்குக் கை திரும்ப வந்துச்சா ஆன்ட்டி?"

"வந்துருச்சு. அவங்க இனத்துக்கு வளரும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. நல்ல கண்ணால் என் மேசையில் இருக்கும் வண்ணக் குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வளராதுல்ல. நீங்கதான பெருசாக்கித் தருவீங்க."

"ஆமா. நீ வளர வளர நான் பெருசாக்கித் தருவேன்."

"அவன் கண்ண மூடித் தொறக்குற மாதிரி எனக்கும் மூடணும். போன தடவ முழுசா மூடல. தூங்கும்போது தொறந்துருக்குன்னு தம்பி பயப்படுறான்."

மெழுகு மாதிரியை அவள் கண்குழியில் வைத்துப் பார்த்தேன். மேல் விளிம்பு இன்னும் தடிப்பாகத்தான் இருந்தது. வெளியே எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடுகாட்டி, ஒரு சீவு சீவினேன். திரும்ப வைத்து, கண்ணை மூடச் சொன்னேன். ஒரு நூல் வெள்ளை தெரிந்தது. எடுத்து இன்னொரு சீவு சீவினேன்.